ஈரறிவு உயிரும் ஆறறிவுப் பொறுப்பும்

பெரியவற்றின்மீது இரக்கம் கொள்வது எளிது. யானை ஒன்று குழியில் விழுந்துவிட்டால் ஊரே கூடி நின்று கண்கலங்குகிறது. கன்றை இழந்த பசுவின் கதறல் கல்நெஞ்சையும் கரைக்கிறது. வீட்டு நாய் இறந்த அன்று சிறுவர்கள் உணவை மறுத்து மூலையில் அமர்ந்துவிடுகின்றனர். இவ்வுயிர்கள் நம்மை நிமிர்ந்து பார்க்கின்றன, குரலெடுத்து அழுகின்றன, நாம் காட்டும் அன்புக்கு மறுமொழி தருகின்றன. ஆதலால் அவற்றிடம் நாம் கொள்ளும் இரக்கத்தில் நம் சொந்த முகத்தின் சாயலையும் ஓரளவு காண்கிறோம். ஆனால் முகமே இல்லாததுபோல் தோன்றும் உயிரிடம், குரல் இல்லாத உயிரிடம், வளர்த்தவர் யார் என்பதை ஒருநாளும் அறிந்துகொள்ளப் போகாத உயிரிடம் நமக்குக் கடமை ஏதும் உண்டோ? உண்டெனில் அதன் எல்லை எது?

இவ்வினா அறிஞர்தம் அவையில் எழுந்ததன்று. வீட்டுக் கூடத்து மீன்தொட்டியில் எழுந்தது. இன்று நகரத்து இல்லங்கள் பலவற்றில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் வழக்கம் பரவியுள்ளது. சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களிலுள்ள அலங்கார மீன் கடைகளில் தங்கமீன், கப்பி, மோலி ஆகியவற்றோடு நத்தைகளும் கிடைக்கின்றன. கண்ணாடியில் படியும் பாசியைத் தின்று தூய்மை செய்யும் என்று கூறி அவற்றை வாங்கி வருகின்றனர். வாங்கியது ஒன்றோ இரண்டோதான். சில வாரங்கள் கழித்துத் தொட்டியின் மேல்விளிம்பில் முட்டைக்கொத்து ஒன்று காணப்படுகிறது. அதன் பின்னர் ஒரு காலைப்பொழுதில் கடுகளவு குஞ்சுகள் கண்ணாடியெங்கும் ஊர்ந்து திரிகின்றன.

நம் பங்கில் மறைக்கல்வி பயிலும் மாணவன் ஒருவன் ஒரு ஞாயிறன்று வகுப்பு முடிந்த பின் நம்மிடம் வந்து, "ஃபாதர், எங்க தொட்டியில நூறு நத்தைக் குஞ்சு பொரிச்சிருக்கு. பத்துக்குத்தான் இடம் இருக்கு. மீதியை நசுக்கினா பாவமா?" என்று கேட்டான். உடன் நின்ற பிள்ளைகள் சிரித்தனர். அவன் சிரிக்கவில்லை. சிரித்துத் தள்ளிவிடத்தக்க வினாவன்று அது என்பதை அவனுக்கு விடை கூற முயன்றபோதுதான் நாம் உணர்ந்தோம். ஓர் உயிரைப் பிறப்பித்தல், பேணுதல், கொல்லுதல், கைவிடுதல் என்னும் நான்கு பெரும் செயல்களும் அந்தச் சிறு தொட்டிக்குள் அடங்கியிருக்கின்றன அல்லவா?

நந்தின் இயல்பு

நத்தையை நம் முன்னோர் நந்து என்றனர். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அளவால் ஆறு வகையாகப் பகுத்தபோது நந்தினை ஈரறிவு உயிர்களின் வரிசையில் வைத்தார். தொட்டறியும் அறிவும் சுவைத்தறியும் அறிவும் அதற்குரியன என்பது அப்பகுப்பின் கருத்து. மனிதரோ ஆறறிவினர். இப்பகுப்பை நாம் பெரும்பாலும் பெருமைக்குரிய ஏணியாகவே கொள்கிறோம். மேற்படியில் நிற்பவர் நாம் என்று மகிழ்கிறோம். ஆயினும் ஆறாம் அறிவு எதற்கு என்று கேட்டால், நன்று தீது பகுத்தறிவதற்கு என்பதே விடையாகும். எனவே அந்த ஏணியின் மேற்படி உரிமையைக் காட்டிலும் பொறுப்பையே மிகுதியாகச் சுமத்துகிறது.

இன்றைய உயிரியல் நத்தையைப் பற்றி மேலும் சில செய்திகளைக் கூறுகிறது. தொட்டி நத்தையின் உணர்கொம்புகளின் அடியில் கண்கள் உண்டு. நீரில் கரைந்த மணத்தைக் கொண்டு உணவு இருக்கும் திசையை அது கண்டுகொள்ளும். நத்தைக்கு உறவான அப்ளீசியா என்னும் கடலுயிரை ஆராய்ந்து, நினைவு எவ்வாறு நரம்பில் பதிகிறது என்பதைக் காட்டியமைக்காக எரிக் காண்டல் என்னும் அறிஞர் 2000ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களே உடைய அவ்வுயிர் கற்கிறது. கற்றதை நினைவில் வைக்கிறது. நாம் துன்பம் என்று சொல்லும் அனுபவம் அதற்கு உண்டா என்பது அறிஞரிடையே முடிவு காணாத வினாவாகவே நிற்கிறது. முடிவு காணாத இடத்தில் அறவுணர்வு உள்ளவர் எப்பக்கம் சாய்வார்? துன்பம் இருக்கக்கூடும் என்று எண்ணி மென்மையாக நடப்பவர் இழப்பது சிறிது. இராது என்று துணிந்து கொடுமை செய்பவர் தவறிழைக்கக் கூடிய அளவோ பெரிது.

கடைகளில் மிஸ்டரி நத்தை என்று விற்கப்படுவது தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்று நிலத்தைத் தாயகமாக உடையது. அது நீரில் வாழினும் முட்டையை நீரில் இடுவதில்லை. இரவு நேரத்தில் பெண் நத்தை நீர்மட்டத்திற்கு மேலே ஏறி, கண்ணாடியிலோ மூடியின் அடியிலோ ஒன்றன்மேல் ஒன்றாக முட்டைகளை ஒட்டி வைக்கிறது. தேனடை போன்று கெட்டிப்பட்டு நிற்கும் அக்கொத்து ஈரக்காற்றில் இருக்க வேண்டும். நீரில் மூழ்கினால் உள்ளிருக்கும் உயிர் மூச்சின்றி மடியும். வெப்பத்திற்கேற்ப இரண்டு முதல் நான்கு வாரங்களில் குஞ்சுகள் ஓட்டைத் தின்றும் உடைத்தும் வெளிவந்து நீரில் விழுகின்றன. பெண் நத்தை ஆணின் விந்தைத் தன்னுள் பல மாதங்கள் சேமித்து வைக்க வல்லது. ஆதலால் கடையிலிருந்து தனியே கொண்டுவந்த ஒற்றை நத்தையும் முட்டையிடும். தாய் தன் முட்டையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. குஞ்சுக்குப் பாலூட்டுவாரும் இல்லை, காப்பாரும் இல்லை. பிறந்த கணம் முதல் அது தனித்தே இருக்கிறது.

பேணுதல் என்னும் கலை

அக்குஞ்சுகளை வளர்க்க விரும்புவோர் முதலில் கற்கவேண்டியது, அன்பு மட்டும் போதாது என்பதே. நத்தையை வருடிக் கொடுத்தால் அது மகிழப் போவதில்லை. அதற்கு வேண்டியது நல்ல நீர். சற்றே உவர்மைக் குணம் சார்ந்த, சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரில்தான் அதன் ஓடு உறுதிப்படும். மென்னீரிலும் புளிப்புத் தன்மையுள்ள நீரிலும் ஓடு அரிக்கப்பட்டு வெண்புள்ளிகள் விழும். நாளடைவில் குழிகள் தோன்றும். ஆதலால் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கடல்நுரைத் துண்டையோ, கழுவிக் காயவைத்துப் பொடித்த முட்டை ஓட்டையோ தொட்டியில் இடுகின்றனர். கீரையையும் வெள்ளரித் துண்டையும் வேகவைத்து ஆற்றி இடுகின்றனர். தின்றது போக எஞ்சியதை அன்றே எடுத்துவிட வேண்டும். அழுகினால் நீர் நஞ்சாகும். குழாய் நீரிலுள்ள குளோரின் நீங்கிய பின்னரே அதைத் தொட்டியில் ஊற்ற வேண்டும். மீனின் நோய்க்கெனத் தரப்படும் செம்பு கலந்த மருந்துகள் மீனைக் குணமாக்கும்; அதே துளி நத்தையைக் கொன்றுவிடும்.

விசை மிகுந்த வடிகட்டி குஞ்சுகளை உறிஞ்சிவிடுமாதலால் ஸ்பாஞ்சு பொருத்திய வடிகட்டி வேண்டும். தங்கமீன் சிறு குஞ்சுகளைக் கொத்தித் தின்னும். ஆதலால் தனித் தொட்டியோ, வலைப் பெட்டியோ அமைக்க வேண்டும். இவ்வகை நத்தைக்குச் செவுளும் உண்டு, காற்றை மூச்சிழுக்கும் பையும் உண்டு. மூச்சுக்குழலை நீட்டி மேலே வந்து காற்றைப் பருகும். எனவே நீருக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு மூன்று அங்குல இடைவெளி விடவேண்டும். மூடி இல்லையெனில் வெளியே ஊர்ந்து தரையில் காய்ந்து இறக்கவும் கூடும். இவ்வளவும் செய்தபின் அது வாழும் காலம் பெரும்பாலும் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டு ஆண்டு. நீரைச் சூடாக்கி விரைவில் வளர்த்தால் விரைவிலேயே முடிந்தும் விடுகிறது.

இப்பணிகளில் ஒன்றுகூடப் பெருஞ்செயல் அன்று. எனினும் இவற்றை உற்றுநோக்கின் அன்பின் இலக்கணம் ஒன்று புலப்படும். நமக்குப் பிடித்ததைக் கொடுப்பது அன்பின் தொடக்கம். மற்றதற்குத் தேவையானதைக் கேட்டறிந்து கொடுப்பதே அதன் முதிர்ச்சி. முதியோரைப் பேணும் இல்லங்களில் இவ்வுண்மையை நாம் அடிக்கடி காண்கிறோம். விழா நாளில் இனிப்புப் பெட்டியுடன் வந்து புகைப்படம் எடுத்துச் செல்வோர் பலர். சர்க்கரை நோயாளிக்கு அந்த இனிப்பு ஆகாது என்பதையும், அவருக்கு வேண்டுவது நகம் வெட்டிவிடும் கை ஒன்று என்பதையும் அறிந்தவர் சிலரே. நத்தை பேசாத காரணத்தால் அதைப் பேணுபவர் கவனிக்கப் பழகுகிறார். கவனிக்கப் பழகியவர், பேசியும் யாராலும் கேட்கப்படாத மனிதரை அடையாளம் காணவும் தகுதி பெறக்கூடும்.

நத்தை ஓட்டின் அமைப்பில் இன்னும் வியத்தகு செய்தி உண்டு. நண்டும் பாம்பும் பழைய மேலுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை உடுத்துகின்றன. நத்தை அவ்வாறு செய்வதில்லை. முட்டைக்குள் இருந்தபோது உருவான சிறு ஓட்டோடுதான் அது வெளிவருகிறது. அதன் வாய்விளிம்பில் புதுச் சுண்ணாம்பைச் சேர்த்துச் சேர்த்தே வளர்கிறது. முழுவளர்ச்சி பெற்ற நத்தையின் சுருளுச்சியில் நாம் காணும் நுனி, அதன் குழந்தைப் பருவத்து வீடேயாகும். உணவு குறைந்த நாட்களும் நீர் கெட்ட வாரங்களும் ஓட்டின்மேல் வரிகளாகவும் வடுக்களாகவும் நிற்கின்றன. பின்னர் எவ்வளவு நல்ல நீரில் விட்டாலும் உச்சியில் விழுந்த அரிப்பு பழையபடி ஆவதில்லை. புதிதாக வளரும் விளிம்பு மட்டுமே செம்மையாக அமைகிறது. மனித வாழ்வும் ஏறத்தாழ இத்தகையதே. குழந்தைப் பருவத்தை யாரும் கழற்றி வைப்பதில்லை. அதன்மேல் கட்டியே வளர்கிறோம். அப்பருவத்தில் பட்ட பசியும் அவமானமும் உச்சியில் வடுவாக நிற்கும். ஆனால் அடுத்த சுற்று நேராக அமைய இன்றும் இடமுண்டு. பெற்றோரும் ஆசிரியரும் எண்ணிப் பார்க்கத்தக்கது இது.

மூன்று வழிகள்

இனி மாணவனின் வினாவுக்கு வருவோம். பத்துக்கு இடமுள்ள தொட்டியில் நூறு பிறந்துவிட்டால் மூன்று வழிகள் தோன்றுகின்றன. ஒன்று, இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று அப்படியே விட்டுவிடுதல். மற்றொன்று, எங்கேனும் குளத்திலோ ஏரியிலோ கொண்டுபோய் விட்டுவிடுதல். மூன்றாவது, எண்ணிக்கையைத் தாமே கட்டுப்படுத்துதல்.

முதல் வழி அருளுடைமைபோல் தோன்றினும் உண்மையில் அது பொறுப்பைத் துறப்பதேயாகும். நூறு உயிர் நெருங்கிய தொட்டியில் கழிவு மிகும், அம்மோனியா பெருகும், முதலில் மீன்கள் மேலே வந்து வாய்பிளக்கும், பின்னர் எல்லாமே மடியும். தொட்டி என்பது ஆறன்று. அங்கே வெள்ளமும் இல்லை, கொக்கும் இல்லை, கோடையும் இல்லை. அவ்விடத்தில் இயற்கையின் பணியைச் செய்யவேண்டியவர் தொட்டியை வைத்தவரே. சுவர் எழுப்பியவர் சுவருக்குள் நிகழ்வதற்கு இயற்கையைக் குற்றம் சாட்ட இயலாது.

இரண்டாம் வழியே பலருக்கும் மிக இனியதாகத் தோன்றுகிறது. கொல்லவில்லை, விடுதலை அளித்தோம் என்னும் மனநிறைவு அதில் கிடைக்கிறது. ஆனால் வரலாறு கூறுவது வேறு. 1847ஆம் ஆண்டில் பென்சன் என்னும் ஆங்கிலேயர் மொரீசியஸ் தீவிலிருந்து ஆப்பிரிக்கப் பெருநத்தைகளைக் கல்கத்தாவிற்குக் கொண்டுவந்தார். அவர் நத்தைகளை ஆராய்வதில் ஆர்வமுடையவர். தீய எண்ணம் ஏதும் கொண்டவரல்லர். அவை அந்நகரின் தோட்டமொன்றில் விடப்பட்டன. இன்று இந்தியாவின் பல மாநிலங்களில் பப்பாளி, வாழை, காய்கறி ஆகிய பயிர்களை அழிக்கும் இனமாக அது பெருகிக் கிடக்கிறது. மனிதருக்கு மூளையுறை அழற்சியை விளைவிக்கக்கூடிய புழுவையும் அது சுமக்க வல்லது.

1980ஆம் ஆண்டை ஒட்டித் தென் அமெரிக்காவின் பொன்னிற ஆப்பிள் நத்தை உணவுக்கென்று தைவானுக்குக் கொண்டுவரப்பட்டது. மக்கள் அதன் சுவையை விரும்பவில்லை. விற்பனையாகாத நத்தைகள் வாய்க்காலில் இறங்கின. பிலிப்பைன்ஸ், வியட்நாம், தாய்லாந்து, ஜப்பான் எனப் பரவி, நட்ட நாற்றை இரவோடிரவாகத் தின்று உழவரின் உழைப்பை அழித்தது. மிஸ்டரி நத்தை அதன் நெருங்கிய உறவு. அத்துணைக் கேடு செய்வதில்லை என்று கூறப்படினும், மீன் வளர்ப்போர் வழியாக இலங்கையின் நீர்நிலைகளில் அதுவும் குடியேறியிருக்கிறது. கடைத்தொட்டியில் இரண்டையும் வேறுபிரித்தறிதல் எல்லார்க்கும் எளிதன்று. நம் குளங்களிலும் வயல்களிலும் நமக்கே உரிய நத்தைகள் வாழ்கின்றன. கோடையில் சேற்றுக்குள் புதைந்து வாயை மூடிக்கொண்டு மழைக்குக் காத்திருப்பவை அவை. அவற்றின் வீட்டில் அயலானைக் குடியேற்ற நமக்கு யார் உரிமை தந்தார்?

ஆதலால் அறிவற்ற இரக்கம் இரக்கமாகாது என்று சொல்லத் துணிகிறோம். நம் கண்முன் நிகழும் சாவைத் தவிர்ப்பதற்காகக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பெரும் அழிவை விதைப்பது, நம் மனச்சான்றை ஆறுதற்படுத்தும் செயலேயன்றி உயிர்களுக்குச் செய்யும் நன்மை அன்று. தருமம் செய்தோம் என்னும் நிறைவும் தருமமும் எப்பொழுதும் ஒன்றாக இருப்பதில்லை.

எஞ்சுவது மூன்றாம் வழி. இதிலும் படிகள் உண்டு. மிகச் சிறந்தது, பெருகாமலே பார்த்துக்கொள்ளுதல். முட்டைக்கொத்து கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் இருக்கிறது. இட்ட ஓரிரு நாளில், உள்ளே உயிர் உருப்பெறுமுன், அதை எடுத்து உறையவைத்துவிடலாம். அவ்வப்போது ஒரு கொத்தைப் பொரிக்கவிட்டு, வளர்ந்த குஞ்சுகளைத் தொட்டி வைத்திருக்கும் பிறருக்கோ கடைக்கோ கொடுக்கலாம். உணவை அளவாக இட்டால் பிற சிறு நத்தை இனங்களும் பெருகாது. தொட்டியில் நத்தை மிகுவது பெரும்பாலும் வளர்ப்பவரின் கை மிகுந்ததன் அடையாளமே. இவை எல்லாம் தவறி, கொல்வதே வழி என்று ஆகும்போது, தாமதமும் வதையும் இன்றிச் செய்தல் வேண்டும். உப்பைக் கொட்டித் துடிக்கவிடுவதும், வெயிலில் காயப்போடுவதும் கூடா.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். நத்தை முட்டையைப் பற்றிக் கூறியதை மனிதக் கருவுக்கு நீட்டிப் பொருள்கொள்ளலாகாது. மனிதர் எண்ணிக்கையால் அளக்கப்படுபவர் அல்லர். ஒவ்வொருவரும் பெயர்சொல்லி அழைக்கப்பட்டவர். அவ்வாறே, மனிதருக்குரிய முழு மாண்பையும் நத்தைக்கு ஏற்றி, முட்டையை எடுத்த சிறுவனைக் குற்றவுணர்வில் தள்ளுவதும் முறையன்று. வேறுபாட்டை மறுக்காமலே இரக்கம் கொள்ள இயலும்.

இரு மறுப்புகள்

மாணவனின் வினாவை நாம் பங்குமக்கள் சிலரோடு பகிர்ந்துகொண்டபோது காவிரிக் கரைச் சிற்றூரில் பிறந்து வளர்ந்த மூதாட்டி ஒருவர், "சாமி, நாங்க வயல்ல நத்தை பொறுக்கி ஆக்கித் தின்னு வளர்ந்தவங்க. அதுக்குப் போயி இம்புட்டு யோசனையா?" என்று கேட்டார். நகைப்புக்கு இடமான கேள்வி அன்று அது. பசித்தவர் உண்டதில் கொடுமை இல்லை. மூதாட்டியின் தாய் தேவைக்கு மேல் ஒரு நத்தையும் பொறுக்கியிருக்கமாட்டார். பொறுக்கியதில் ஒன்றையும் வீணாக்கியிருக்கமாட்டார். வயலையும் நத்தையையும் மழையையும் ஒருசேர அறிந்தவர் அவர். வேடிக்கைக்காக வாங்கி, சலித்தபின் கழிவறையில் கொட்டி நீரூற்றிவிடும் நகரத்தவரோடு ஒப்பிட்டால் உண்டவரே உயிரை மதித்தவர் என்போம்.

மற்றொரு மறுப்பு இன்னும் கனமானது. பள்ளிக் கட்டணம் செலுத்த வழியின்றி நிற்கும் குழந்தைகள் வாழும் நாட்டில் நத்தைக் குஞ்சுக்குக் கடல்நுரை தேடுவது பொருந்துமா? பொருந்தாத நிலையும் உண்டு. 1992ஆம் ஆண்டு வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் இரு பக்கத்தையும் கருதுகிறது: விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரண் என்கிறது, மனிதத் துயரைத் துடைக்க முதலில் செலவிடவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்கிறது. நாம் இதற்கு மேலும் ஒன்று சேர்ப்போம். நத்தைக்கு வேண்டியவை கீரைத் தண்டும் முட்டை ஓடும் நல்ல நீரும். அது பணத்தைக் கேட்பதில்லை, கவனத்தைக் கேட்கிறது. கவனம் என்பது ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்குக் குறைந்துபோகும் செல்வம் அன்று. பயன்படுத்தப் பயன்படுத்தப் பெருகுவது. பொன்முலாம் பூசிய தொட்டியும் வெளிநாட்டு விளக்கும் வாங்கிவிட்டு வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் ஊதியத்தைக் குறைப்பவரிடம்தான் அம்மறுப்பை எழுப்பவேண்டும்.

புனித தோமா அக்குவினா, விலங்கிடம் கொடுமை பழகியவர் மனிதரிடமும் கொடுமை செய்யத் தலைப்படுவார் என்னும் காரணத்தால் அக்கொடுமையைத் தவிர்க்கச் சொன்னார். நல்ல காரணமே, ஆயினும் போதிய காரணமா? அவ்வாறாயின் நத்தை நமக்கு ஒழுக்கப் பயிற்சியளிக்கும் கருவியாக மட்டுமே நின்றுவிடுகிறது. அவருக்கு முற்பட்ட புனித அகுஸ்தீன், எலியும் தவளையும் ஈயும் புழுவும் எதற்காகப் படைக்கப்பட்டன என்பது தமக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார். எனினும் ஒவ்வொன்றும் தன் வகையில் அழகுடையது என்பதைத் தாம் காண்பதாகச் சொன்னார். பயன் தெரியாத இடத்திலும் அழகைக் காண இயலும் என்பது சிறிய உண்மையன்று. 2015ஆம் ஆண்டு வெளிவந்த திருத்தந்தை பிரான்சிசின் சுற்றுமடலும் இதே திசையில் செல்கிறது: உயிரினங்களை நமக்குப் பயன்படும் வளங்களாக மட்டும் எண்ணலாகாது, அவற்றுக்குத் தம்மளவிலேயே மதிப்புண்டு என்பது அதன் படிப்பினை. காளான், பாசி, புழு, பூச்சி என்று சிறியவற்றைப் பெயர் சொல்லி நினைவூட்டுவதையும் அங்கே காண்கிறோம்.

ஈடு செய்தல்

நத்தைக் குஞ்சு வளர்த்தல் வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதற்குச் சான்று பசிபிக் பெருங்கடலில் உள்ளது. தாகித்தி, மூரியா முதலிய தீவுகளில் பார்ட்டுலா என்னும் சிறு மர நத்தைகள் வாழ்ந்தன. விரல்நுனி அளவே உடைய அவை முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும். தீவு மக்கள் அவற்றின் ஓட்டைக் கோத்து மாலையாக அணிந்தனர். அங்கே முன்னர்க் கொண்டுவரப்பட்டிருந்த ஆப்பிரிக்கப் பெருநத்தை பயிர்களை அழிக்கவே, அதை ஒழிப்பதற்கென 1974ஆம் ஆண்டு தாகித்தியிலும் 1977ஆம் ஆண்டு மூரியாவிலும் ஓநாய் நத்தை என்னும் ஊனுண்ணி இனத்தை அதிகாரிகள் இறக்கினர். அது பெருநத்தையை விட்டுவிட்டு எளிதில் அகப்பட்ட பார்ட்டுலாவைத் தின்றது. பத்தே ஆண்டில் மூரியாவின் காடுகளில் பார்ட்டுலா இல்லாமற்போயிற்று. ஒரு தவற்றைத் திருத்த அவசரப்பட்டுச் செய்த மற்றொரு தவறு அது. உலகில் பெருங்கேடு செய்யும் அயல் இனங்கள் நூறு என்று இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் பெருநத்தை, ஓநாய் நத்தை, பொன்னிற ஆப்பிள் நத்தை ஆகிய மூன்றும் இடம்பெற்றுள்ளன. மூன்றையும் சுமந்து சென்றது மனிதக் கையே.

அழிவுக்கு முன்னர்ச் சிலர் எஞ்சிய பார்ட்டுலா நத்தைகளைச் சேகரித்து இலண்டன் முதலிய நகரங்களின் விலங்குக் காட்சிசாலைகளுக்கு அனுப்பினர். அங்கே சிறு பெட்டிகளில் தலைமுறை தலைமுறையாக அவற்றை வளர்த்தனர். எல்லாம் பிழைக்கவில்லை. பார்ட்டுலா துர்கிடா என்னும் இனத்தின் கடைசி நத்தை 1996ஆம் ஆண்டு இலண்டனில் இறந்தது. அத்தோடு அவ்வினமே முடிந்தது. ஹவாய்த் தீவில் ஜார்ஜ் என்று பெயரிடப்பட்ட மர நத்தை தன் இனத்தின் கடைசி உயிராகப் பல ஆண்டுகள் தனித்திருந்து 2019ஆம் ஆண்டின் முதல் நாளில் மறைந்தது. எனினும் முயன்றவர் முயற்சியைக் கைவிடவில்லை. 2015ஆம் ஆண்டு முதல் காட்சிசாலைகளில் பிறந்த பார்ட்டுலாக்கள் தம் தீவுகளின் காடுகளுக்குத் திரும்ப அனுப்பப்படுகின்றன. 2024ஆம் ஆண்டு மூரியாவில், காட்டிலேயே பிறந்து வளர்ந்த நத்தைகள் காணப்பட்டன. நாற்பது ஆண்டுக்கால உழைப்பின் பயன் அது.

அந்நாற்பது ஆண்டுகளில் அப்பெட்டிகளைத் துடைத்தவர்களை எண்ணிப் பார்க்கிறோம். நாள்தோறும் பழைய இலையை எடுத்துப் புதிய இலையை வைத்தவர்கள். எள்ளளவு குஞ்சு குப்பையோடு போய்விடாதபடி ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பார்த்தவர்கள். அப்பணியில் சேர்ந்து, மூத்து, ஓய்வுபெற்று, பயனைக் காணாமலே மறைந்தவர்களும் அவர்களுள் இருக்கக்கூடும். இழைக்கப்பட்ட தீங்கு அவர்கள் செய்ததன்று. ஆயினும் அதன் ஈட்டைச் செலுத்தியவர் அவர்கள். பிறர் செய்த குற்றத்திற்குத் தாம் கழுவாய் தேடுதல் என்பது நம் மறைக்குப் புதிய கருத்தன்று. அதை அமைதியாக, பெயரின்றி, ஈரத்துணியொன்றைக் கையில் பிடித்துச் செய்ய இயலும் என்பதை அவர்கள் காட்டினர்.

காட்சிசாலையின் பெட்டிக்கும் நம் வீட்டுத் தொட்டிக்கும் வேறுபாடு பெரிது. அங்கே வளர்ந்தவை திரும்பிச் செல்லத் தாயகம் உண்டு. நம் தொட்டியில் பிறந்தவைக்கு இந்நாட்டில் அத்தகைய இடம் இல்லை. ஆனால் கை ஒன்றே. ஆறறிவு படைத்த அக்கை ஓர் உயிரை இடம்பெயர்த்தால் அதன் விளைவையும் சுமக்க வேண்டும் என்பதே இரண்டிடத்தும் சட்டம்.

மாணவனுக்கு நாம் இறுதியில் கூறிய விடை சுருக்கமானது. பிறந்துவிட்டவற்றுள் தன்னால் பேண இயன்றவற்றை நன்றாகப் பேணவும், மற்றவற்றைப் பெற்றுக்கொள்வார் உளரா என்று முதலில் தேடவும், குளத்தில் விடும் எண்ணத்தை அடியோடு விலக்கவும், அடுத்த கொத்து தோன்றினால் அன்றே முடிவெடுக்கவும் சொன்னோம். அவன் சற்று நேரம் எண்ணிவிட்டு, "அப்போ வாங்குறதுக்கு முன்னாடியே யோசிச்சிருக்கணும், இல்ல ஃபாதர்?" என்றான். ஆம். பெரும்பாலான அறவினாக்கள் நாம் கேட்கத் தொடங்கும் இடத்திற்குப் பல படிகள் முன்னரே தொடங்கிவிடுகின்றன. திருமணமோ, கடனோ, பதவியோ, தொட்டியில் விடும் ஒரு நத்தையோ, எதை ஏற்கும்போதும் அதனோடு வரப்போகும் நூறு சிறு கடமைகளையும் எண்ணிப் பார்த்து ஏற்பவரே பொறுப்புள்ளவர்.

வாசக அன்பர்களின் இல்லத்திலும் ஒரு தொட்டி இருக்கலாம். இன்றிரவு விளக்கை அணைக்குமுன் அதன் மூடியைத் தூக்கி விளிம்பைப் பாருங்கள். அங்கே ஏதேனும் ஒட்டியிருந்தால், வாரக் கணக்கில் தள்ளிப்போடாமல், என் செய்வது என்பதை வீட்டிலுள்ள குழந்தைகளையும் அழைத்து அமர்ந்து பேசி முடிவு செய்யுங்கள். உயிரைப் பற்றிய முதல் பாடத்தை அவர்கள் அங்கே கற்றுக்கொள்வார்கள்.